காரின் உள்விளக்கை எல்இடிக்கு மாற்றும்போது: எந்தப் பாதுகாப்பு எந்த ஆபத்துக்கு?

சென்ற ஆண்டு ஒரு மாலை, என் காரின் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை மின்னேற்றும் கருவி) ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் டெர்மினலைக் கழற்றினார். "கழற்றிய பிறகும் வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் சார்" என்றார். வண்டி நிற்காமல் ஓடியது. ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது; அதனால் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டெர்மினல் கழன்ற கணத்தில் அது கண்ணைப் பறிக்கும்படி ஒருமுறை பளிச்சிட்டு அணைந்தது. மூன்று வாரங்களுக்கு முன் நானே வாங்கிப் பொருத்திய எல்இடி விளக்கு அது. ரேடியோ தப்பித்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியும் தப்பித்தது. வண்டியில் அன்று உயிர்விட்டது அந்த ஒரு விளக்குதான்.

அதன் பிறகு பல வார இறுதிகளை மல்டிமீட்டரோடும் சால்டரிங் கருவியோடும் கழித்திருக்கிறேன். உள்விளக்கை எல்இடிக்கு மாற்ற நினைப்பவர்கள் பொதுவாக எந்த விளக்கு அதிகப் பிரகாசம், எது விலை குறைவு என்று ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது அதைவிட விளக்குக்கு முன்னால் வரும் பாதுகாப்பை. தொழிற்சாலையில் போட்டுத் தந்த இழை பல்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளக்கூடிய பொருள். அதைக் கழற்றினால் ஒளியோடு அந்தக் காவலும் போய்விடுகிறது. அதற்கு ஈடாக எதை வைக்கப்போகிறோம் என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா? எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். உள்விளக்கின் மின்சாரம் மைலேஜில் தெரியாது. உண்மையான காரணம் பேட்டரி. 10 வாட் இழை பல்பு ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். கதவு சரியாகச் சாத்தப்படாமல் இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரம் எரிந்தால் 10 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. சற்று வயதானதாக இருந்தால் காலையில் ஸ்டார்ட்டர் முனகும். அதே ஒளியை எல்இடி அதில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் தந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில், கதவைத் திறந்துபோட்டு விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில், இது பெரிய நிம்மதி. இரண்டாவது காரணம் சூடு. இழை பல்பின் வெப்பத்தில் விளக்கின் பிளாஸ்டிக் மூடி பழுத்துப்போவதைப் பழைய வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு காரணங்களும் எனக்குப் போதுமானவை.

இழை பல்பு ஏன் இவ்வளவு உறுதியானது? டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும். குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல எரியும்போது பத்து மடங்குக்கு மேல். எனவே மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடாமல் தானே கொஞ்சம் அடங்கிக்கொள்ளும். சில மில்லிவினாடி மட்டுமே வந்துபோகும் அதிர்ச்சி, இழை சூடேறுவதற்குள் கடந்துவிடும். எல்இடிக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. வெள்ளை எல்இடி ஒன்று 3.1 வோல்ட் சுமாரில் எரிகிறது என்றால், அதற்கு மேல் கால் வோல்ட் ஏறினாலே மின்னோட்டம் பல மடங்காகிவிடும். சூடேறினால் அதற்குத் தேவையான மின்னழுத்தம் இன்னும் குறையும். அப்போது அதே மின்னழுத்தத்தில் இன்னும் அதிக மின்னோட்டம் பாயும், இன்னும் சூடேறும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள், கூரைத் துணியை ஒட்டி, 60 டிகிரியைத் தாண்டும் இடத்தில்தான் நாம் இதை மாட்டுகிறோம்.

எதிரிகள் மூன்று பேர்

காரின் மின்சாரத்தை 12 வோல்ட் என்று சொல்வது பேச்சு வழக்கு. முழுதாக மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடினால் 13.8 முதல் 14.5 வரை. புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்துவதால் சில நேரம் 15 வோல்ட் அருகிலும் போகும். முதல் எதிரி இதுதான். இது கோளாறு அன்று. இயல்பான நிலையே இதுதான். நம் ஊரில் கார் எல்இடிகளை அதிகம் கொல்வது மின்னல்போல வரும் அதிர்ச்சி அன்று, இந்த அமைதியான 14.4 வோல்ட்தான் என்பது என் முடிவு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மலிவான விளக்குகளிலும் எல்இடி பதித்த நீளக் கீற்றுகளிலும் மூன்று எல்இடிகளை வரிசையாக வைத்து ஒரு மின்தடையைச் சேர்த்திருப்பார்கள். மூன்றுக்கும் சேர்த்து 9.3 வோல்ட் போக, மீதி மின்தடைக்கு. அது 150 ஓம் என்று வையுங்கள். சரியாக 12 வோல்ட்டில் 18 மில்லிஆம்பியர். 20 மில்லிஆம்பியர் தாங்கும் எல்இடிக்கு இது சரி. 12.6-இல் 22. எஞ்சின் ஓடும்போது 14.4-இல் 34. மின்னழுத்தம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு. மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. இப்படி ஓடும் எல்இடி அன்றே சாகாது. முதலில் ஒளி நீலம் பாரிக்கும், பிறகு ஒரு வரிசை மினுக்கும், சில மாதங்களில் பாதி இருட்டாகிவிடும். வாங்கியவர் "சீனப் பொருள், அப்படித்தான்" என்று சொல்லி அடுத்ததை வாங்குவார்.

இரண்டாவது எதிரி வண்டிக்குள்ளேயே பிறக்கும் நுண்ணிய அதிர்ச்சிகள். ரிலே, ஏசி கம்ப்ரசரின் கிளட்ச் சுருள், வைப்பர் மோட்டார் போன்றவை அணையும்போது, சுருளில் சேர்ந்திருந்த ஆற்றல் ஒரு கூர்மையான எதிர் அதிர்ச்சியாக வயரில் ஓடும். மின்னழுத்தம் நூறு வோல்ட்டைக்கூடத் தாண்டலாம், எதிர்த்திசையிலும் வரலாம். ஆனால் ஆயுள் மைக்ரோவினாடிகளிலிருந்து ஓரிரு மில்லிவினாடி வரைதான், ஆற்றல் சிறிது. எல்இடி எதிர்த்திசையில் ஐந்து வோல்ட் அளவுக்கு மேல் தாங்காது என்பதால் இதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, அரிதாக வந்தாலும் கொடியது. பேட்டரியை மின்னேற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிடமிருந்து பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், அதன் காந்தப்புலம் உடனே அடங்காது. போக்கிடமில்லாத மின்சாரம் அழுத்தமாக எழும். இதை 'லோடு டம்ப்' என்பார்கள். கார் மின்னணுச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரம், 12 வோல்ட் வண்டிகளில் இது 79 முதல் 101 வோல்ட் வரை எழுந்து 40 முதல் 400 மில்லிவினாடி வரை நீடிக்கும் என்று வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. இந்த அழுத்தத்தை உள்ளேயே அடக்கும் டையோடுகள் கொண்ட ஆல்டர்னேட்டராக இருந்தால் 35 வோல்ட் சுமாரோடு நின்றுவிடும். என் ரேடியோ தப்பியதற்கும் என் விளக்கு செத்ததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது: ரேடியோவை வடிவமைத்தவர்கள் இந்த அதிர்ச்சியை எதிர்பார்த்திருந்தார்கள். டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்து வண்டிகளிலிருந்து கைமாறி வந்தது. அந்த வண்டிகளில் கெட்டுப்போக மின்னணுப் பொருள் இல்லை. இன்று அது வேண்டாம். மல்டிமீட்டரை பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தாலே ஆல்டர்னேட்டரின் நிலை தெரிந்துவிடும்.

தளர்ந்த டெர்மினலும் பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது இதே வேலையைச் செய்யும். பேட்டரி இறங்கிய காரை லாரி பேட்டரியைக் கொண்டு கிளப்புவது இன்னொரு ஆபத்து. லாரிகளில் இருப்பது 24 வோல்ட். அதே ஐஎஸ்ஓ தரத்தில் 24 வோல்ட்டை 60 வினாடி தாங்க வேண்டும் என்ற சோதனை இருப்பதே இப்படி நடக்கும் என்று தெரிந்துதான். டிங்கரிங் பட்டறையில் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. பல வண்டிகளில் கூரை விளக்குக்கு நேர்முனை எப்போதும் இணைந்திருக்கும். கதவுச் சுவிட்ச் எர்த் பக்கத்தை இணைத்தால்தான் விளக்கு எரியும். கதவு மூடியிருக்கும்போது சுற்று முழுமையாக இருப்பதில்லை, எனவே எந்த அதிர்ச்சியும் எல்இடி வழியாகப் பாய்வதில்லை. எரிந்துகொண்டிருக்கும் விளக்குதான் அடிபடும். என் விளக்கு அன்று எரிந்துகொண்டிருந்தது. ஆகவே காலடியிலும் டேஷ்போர்டின் கீழும் அலங்காரமாகப் போடும் கீற்றுகள், பார்க்கிங் விளக்கோடு சேர்த்து இரவு முழுவதும் எரிபவை, கூரை விளக்கைவிட அதிக ஆபத்தில் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை இதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

ஒவ்வொரு வழியாக

மிக எளிய வழி, மின்தடையைப் பெரிதாக்குவது. மேலே சொன்ன 150 ஓமுக்குப் பதில் 270 ஓம் போட்டால் 14.4 வோல்ட்டில் 19 மில்லிஆம்பியர், எஞ்சின் நின்றிருக்கும்போது 12. தவறுதலாக 24 வோல்ட் வந்தால் 54. சில நிமிடம் தாங்கிவிடக்கூடும். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. குறை, எஞ்சின் நின்றிருக்கும்போது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவது. நாம் உள்விளக்கை அதிகம் பயன்படுத்துவது அப்போதுதான். ஆனாலும் தானே சால்டர் செய்யத் தெரிந்தவருக்கு, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது பல மடங்கு மேல். மூன்று எதிரிகளில் முதலாமவனை இது தோற்கடித்துவிடுகிறது.

ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டினால் மின்சாரத்தைத் தன் வழியே கடத்திவிடும் ஸீனர் டையோடு போடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கேட்கக் கிடைக்கிறது. 12 வோல்ட் ஸீனரை விளக்குக்கு இணையாக வைத்தால் 12-க்கு மேல் ஏறாது என்பார்கள். முன்னால் மின்தடை இல்லாமல் அப்படி வைத்தால் அந்தச் சிறு துண்டு முழுக் காரையும் 12 வோல்ட்டில் நிறுத்தப் பார்த்து, எஞ்சின் கிளம்பியதும் கருகிவிடும். சரி, மின்தடையோடு வைக்கிறோம். விளக்குக்கு 100 மில்லிஆம்பியர் வேண்டும், 14.4-இலிருந்து 12-க்கு இறக்க வேண்டும் என்றால் 24 ஓம். எஞ்சினை நிறுத்தினால் இந்த 24 ஓமே ஒளியைத் தின்றுவிடும். லாரி பேட்டரியின் 24 வோல்ட் வந்தால் அதன் வழியே அரை ஆம்பியர் பாயும். விளக்கு எடுத்தது போக 0.4 ஆம்பியர் ஸீனர் வழியே, 4.8 வாட். கடையில் கிடைக்கும் 1என்4742 போன்ற ஸீனர்கள் 1 வாட் தாங்குபவை. எப்போது உதவி தேவையோ அப்போதே இது கைவிடுகிறது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலையாக வைக்கும் 7812 ரெகுலேட்டர்? சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கையில் தருவார்கள். அதனாலேயே பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு வெளியீட்டைவிட 2 வோல்ட் அதிகமாக உள்ளே வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் தரும், நின்றால் 12.6-இல் 2 போக பத்தரைதான் மிஞ்சும், விளக்கு மங்கிவிடும். 35 வோல்ட்டுக்கு மேல் உள்ளே வந்தால் அதுவே சாகும். காருக்கென்றே வடிவமைத்த ரெகுலேட்டர் ஒன்று இருக்கும்போது இதை எடுக்க வேண்டிய காரணமே இல்லை.

அந்த ரெகுலேட்டர் எல்எம்2940-இன் 12 வோல்ட் வகை. 100 மில்லிஆம்பியர் சுமையில் இதற்கு வெறும் 0.1 வோல்ட் சுமார் கூடுதல் இருந்தால் போதும். எனவே எஞ்சின் நின்றிருந்தாலும் ஓடினாலும் 12 வோல்ட் மாறாமல் வரும். பேட்டரியை மாற்றி இணைத்தாலும் கெடாது; 60 வோல்ட் அதிர்ச்சியைக் குறுகிய நேரம் தாங்கும்; 26 வோல்ட் அளவைத் தாண்டினால் தன் வெளியீட்டைத் தானே நிறுத்திக்கொள்ளும். கடையில் வாங்கிய மலிவு எல்இடிகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு இதுவே சிறந்தது. நிபந்தனைகள் இரண்டு. வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அது நிலையில்லாமல் ஊசலாடும். விளக்கு அணைந்திருக்கும்போது ரெகுலேட்டருக்கும் மின்சாரம் வராதபடி இணைக்க வேண்டும். இல்லையேல் அதன் சொந்தத் தேவையான சில மில்லிஆம்பியர் இரவும் பகலும் பேட்டரியிலிருந்து கசியும்.

அடுத்தது, டிவிஎஸ் டையோடு. பெயரைக் கேட்டதும் வண்டி நிறுவனம் நினைவுக்கு வரும்; இது அதிர்ச்சியை அடக்கும் டையோடு. ஸீனரின் உறவினர்தான், ஆனால் கணநேரப் பெரும் மின்னோட்டத்தை விழுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. எஸ்எம்பிஜே வரிசையில் உள்ளவை ஒரு மில்லிவினாடி அளவு அதிர்ச்சியில் 600 வாட் வரை தாங்கும். ஒருதிசை வகையை வாங்கினால் நேர் அதிர்ச்சியை அடக்குவதோடு, எதிர் அதிர்ச்சியை ஒரு வோல்ட் அளவிலேயே குறுக்கிவிடும். இரண்டாவது எதிரிக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

எந்த எண் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று 15 அல்லது 18 வோல்ட் வகையை எடுப்பார்கள். 18 வோல்ட் வகை 20-இலிருந்து 22-க்குள் கடத்தத் தொடங்கிவிடும்; லாரி பேட்டரி இணைந்த நொடியே முழு மூச்சாக மின்சாரத்தை இழுத்துச் சாகும். எஸ்எம்பிஜே24ஏ வகை 24 வோல்ட் வரை அசையாமல் இருக்கும், பெரும் அதிர்ச்சியில் 38.9 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். இது போதுமா என்றால், தனியாகப் போதாது. 39 வோல்ட்டை 150 ஓம் மின்தடை கொண்ட கீற்றில் விட்டால் எல்இடிக்கு ஏறக்குறைய 200 மில்லிஆம்பியர் போகும். அத்துடன் அன்றாட 14.4 வோல்ட்டை டிவிஎஸ் கண்டுகொள்ளவே கொள்ளாது. டிவிஎஸ் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் முதல் எதிரியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இனி வருவது. எல்இடிக்கு வேண்டியது நிலையான மின்னழுத்தமன்று, நிலையான மின்னோட்டம். எல்எம்317 ரெகுலேட்டரை 62 ஓம் மின்தடையோடு இணைத்தால் 20 மில்லிஆம்பியரை மாறாமல் தரும். ஆனால் அதற்கே 3 வோல்ட் சுமார் வேண்டும் என்பதால் மூன்று எல்இடி வரிசையில் எஞ்சின் நின்றிருக்கும்போது விளிம்பில் தடுமாறும். வரிசைக்கு இரண்டு எல்இடி என்றால் அருமையாக வேலை செய்யும். இதைவிட நேர்த்தியானது, இரண்டே கால்கள் கொண்ட மின்னோட்டக் கட்டுப்பாட்டுத் துண்டு. என்எஸ்ஐ45020 என்ற எண்ணில் கிடைக்கும். பெயரிலேயே விவரம் இருக்கிறது, 45 வோல்ட், 20 மில்லிஆம்பியர். மின்தடை இருந்த இடத்தில் இதை வைத்தால் போதும். 1.8 வோல்ட் சுமார் கிடைத்தாலே வேலை தொடங்கிவிடும் என்பதால் 9.3-உம் 1.8-உம் சேர்ந்து 11.1, நின்றிருக்கும் வண்டியின் 12.6-இல் தாராளமாக எரியும். 14.4-இலும் அதே ஒளி. 24-இலும் அதே ஒளி. அப்போது அந்தத் துண்டில் 0.3 வாட் அளவு சூடு, பலகையில் சற்று அகலமான செம்புப் பட்டை இருந்தால் தாங்கும். எல்இடியின் 9.3 வோல்ட்டையும் சேர்த்தால் மொத்தச் சங்கிலி 54 வோல்ட் வரை தாங்கும். டிவிஎஸ் 38.9-இல் பிடித்துவிடும் என்று மேலே சொன்னேன். இரண்டும் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தாற்போலப் பொருந்துகின்றன.

மின்னழுத்தத்தை இறக்கும் பக் கன்வெர்ட்டர் பலகைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. எல்எம்2596 உள்ள நீல நிறப் பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை 12 வோல்ட் தரும்படி வைத்துப் பயன்படுத்துவது வீண். உள்ளே வருவது 12.6 என்னும்போது இறக்குவதற்கு இடமில்லை. ஆனால் காலடியில் மீட்டர் கணக்கில் கீற்று ஓட்டுகிறீர்கள் என்றால், 5 வோல்ட் கீற்றை வாங்கி, பலகையை 5 வோல்ட்டுக்கு அமைப்பது நல்ல வழி. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினாலும் விளக்கு சிமிட்டாது. உள்ளீட்டு எல்லை 40 வோல்ட், எனவே முன்னால் அதே எஸ்எம்பிஜே24ஏ டிவிஎஸ் வேண்டும். ஒரு தொல்லை, ரேடியோ. அந்த எல்எம்2596 நொடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. அதன் மடங்குகள் 600, 750, 900 கிலோஹெர்ட்ஸ் என்று மத்திய அலை முழுவதும் விழும். திருச்சி வானொலியை 936-இல் கேட்டுக்கொண்டே பயணம் செய்பவர் வயரிங்கைக் குட்டையாக வைத்து, பலகையைத் தகரப் பெட்டியில் அடைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, சால்டரிங் கருவியைத் தொடவே விரும்பாதவர்களுக்கு. '9 முதல் 30 வோல்ட்' என்று போட்டு, உள்ளேயே மின்னோட்டக் கட்டுப்பாடு கொண்ட ஆயத்த விளக்குகள் விற்கிறார்கள். உண்மையில் அப்படி இருந்தால், கூரை விளக்குக்கு இதுவே போதும். உண்மையா என்று தெரிந்துகொள்ளும் சோதனை எளிது. விளக்கோடு மல்டிமீட்டரை வரிசையாக இணைத்து, எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் மின்னோட்டத்தைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவோ, ஓடும்போது சற்றுக் குறைந்தோ இருந்தால் உள்ளே கட்டுப்பாடு இருக்கிறது. ஒன்றரை மடங்கு ஏறினால் உள்ளே இருப்பது வெறும் மின்தடை. பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அதை நம்பாதீர்கள். 'கேன்பஸ்' என்று எழுதிய விளக்குகளைக் கூடுதல் பாதுகாப்பு உள்ளவை என்று எண்ணி வாங்குபவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் இருப்பது, பல்பு போய்விட்டதாக வண்டி எண்ணாதிருக்க இணையாக வைத்த மின்தடை மட்டுமே. அது மின்சாரத்தையும் வீணாக்கி, எல்இடிக்கு அருகிலேயே சூடும் போடும். அப்படி எச்சரிக்கும் வசதி உங்கள் உள்விளக்குக்கு இல்லையென்றால் வாங்கத் தேவையில்லை.

என் தேர்வு

கூரை விளக்குக்கு நான் முடிவாகச் செய்தது: மூன்று எல்இடி, ஒரு மின்னோட்டத் துண்டு என்று ஒரு வரிசை; இப்படி மூன்று வரிசைகள். மொத்தம் 60 மில்லிஆம்பியர். 5 வாட் இழை பல்பின் ஒளிக்கு இது குறையவில்லை. இவற்றுக்கு முன்னால் 24ஏ டிவிஎஸ், அதற்கு முன்னால் 10 ஓம், 2 வாட் கம்பிச்சுற்று மின்தடை, எல்லாவற்றுக்கும் முன்னால் நேர்முனைப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். அந்த 10 ஓம் இயல்பான நேரத்தில் 0.6 வோல்ட் மட்டுமே எடுக்கும். அதிர்ச்சி வரும்போது டிவிஎஸ்ஸின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அடக்கும் டையோடு இல்லாத பழைய ஆல்டர்னேட்டரில் முழு லோடு டம்ப் வந்தால் இந்தச் சிறிய டிவிஎஸ் அதை விழுங்கி முடிக்க முடியாமல் போகலாம். அப்போது அது பெரும்பாலும் குறுக்குச் சுற்றாகித்தான் (ஷார்ட் ஆகித்தான்) சாகும். ஃபியூஸ் போகும், எல்இடிகள் பிழைக்கும்.

ஃபியூஸின் அளவில் கவனம் வேண்டும். 1 ஆம்பியர் ஃபியூஸைப் பழக்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவோம். டிவிஎஸ் குறுக்குச் சுற்றானால் 10 ஓம் வழியே 1.26 ஆம்பியர் பாயும். 1 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு நெடுநேரம் அசையாது. அதற்குள் அந்த மின்தடையில் 16 வாட் சூடு கூரைத் துணிக்கு அருகில் கொதித்துக்கொண்டிருக்கும். 250 மில்லிஆம்பியர் ஃபியூஸ்தான் சரி. தனி ஃபியூஸே போடாமல் வண்டியின் ஃபியூஸை நம்புவதும் தவறு. உள்விளக்கின் ஃபியூஸை ரேடியோ நினைவகம், கடிகாரம் போன்ற பலவற்றோடு பகிர்ந்திருப்பார்கள். 10, 15 ஆம்பியர் தாங்கும் அது போவதற்கு முன் உங்கள் மெல்லிய வயர் எரிந்துவிடும்.

கதவு மூடிய பிறகு மெல்ல மங்கி அணையும் விளக்கு உள்ள வண்டிகளில், அணைந்த பிறகும் எல்இடி மங்கலாகப் பேய்போல ஒளிரக்கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே இழை பல்பில் தெரியாமல் இருந்து இதில் தெரிகிறது. விளக்குக்கு இணையாக 1 கிலோஓம், அரை வாட் மின்தடை வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உத்தரவாதக் காலத்தில் உள்ள புதிய வண்டியில் வயரை வெட்டாதீர்கள். மேலே சொன்ன சோதனையில் தேறிய ஆயத்த விளக்கை மாட்டிக்கொண்டு நிறுத்திக்கொள்வதே நல்லது. கூரை ஓரத்திலும் கண்ணாடித் தூண்களிலும் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அந்த வழியாக வயரை இழுக்கக் கூடாது. மஞ்சள் நிற இணைப்பான்களில் கையே வைக்க வேண்டாம்.

வாங்கும்போது பழைய பல்பை எடுத்துப்போய் நீளத்தை அளந்து வாங்குங்கள். இருமுனைக் குழல் வகையில் 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று பல உண்டு. ஒன்றுக்கொன்று பார்வைக்கு வேறுபாடு தெரியாது. மாட்டியும் எரியாவிட்டால் திருப்பி மாட்டிப் பாருங்கள். எல்இடிக்குத் திசை உண்டு. நிறத்தில் நான் 3000 கெல்வின் மஞ்சள் சாயலையே எடுத்தேன். 6000 கெல்வினின் நீல வெண்மை கடையில் கவர்ச்சியாகத் தெரியும். இரவு நெடுஞ்சாலையில் பின் இருக்கையில் யாராவது விளக்கைப் போட்டால் ஓட்டுபவரின் கண்ணுக்கு அது தொந்தரவு.

டிக்கியில் இருக்கும் 5 வாட் இழை பல்பை மட்டும் நான் மாற்றவில்லை. பையை வைக்கும் அரை நிமிடம் எரிகிறது, மூடினால் அணைகிறது. பேட்டரிக்கு அதனால் இழப்பில்லை, பிளாஸ்டிக் சூடாகவும் நேரமில்லை. 12.6-ஆனாலும் 15-ஆனாலும் அதற்கு எந்தக் காவலும் வேண்டியதில்லை. கையில் மிஞ்சிய ஒரு டிவிஎஸ்ஸையும் இரண்டு மின்னோட்டத் துண்டுகளையும் முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள வாசிப்பு விளக்குக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.